ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் டேட்டாபேஸ்

எங்கள் டேட்டாபேஸ் சர்வருக்கு நான்கு மாதத்தில் மூன்று முறை நோய் வந்தது. மூன்று முறையும் நான்தான் வைத்தியம் பார்த்தேன், மூன்று முறையும் குணமானது. கொடுத்த மருந்துக்கும் குணமானதற்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை என்பது நான்காவது முறைதான் தெரிந்தது. அதற்குள் பதினோரு இரவுத் தூக்கம் போயிருந்தது. இரண்டு மடங்கு வாடகையில், ஒரு வருட ஒப்பந்தத்தில், பெரிய சர்வர் ஒன்றும் வந்து இறங்கியிருந்தது. முதல் வாரத்திலேயே யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்து, "அமைப்பை எல்லாம் அப்புறம் மாற்றலாம், இப்போது உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்" என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இல்லை, ப்ரோக்ராம் எழுதுகிறவன். டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போனதும், "நீங்கதான் குவெரி எல்லாம் நல்லா எழுதுவீங்களே" என்று அதை என் தலையில் கட்டினார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், பதிப்பு 14. 16 ஜிபி மெமரி உள்ள ஒரு மெஷின். அதில் ஒரு டேபிள்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அனுப்ப வேண்டிய மெயில், எஸ்எம்எஸ், பில் என்று எல்லா வேலைகளும் அதில் ரெக்கார்டாக வந்து விழும். பின்னால் ஓடும் ப்ரோக்ராம்கள் ஒவ்வொன்றாக எடுத்து, நிலையை மாற்றி, முடிந்ததும் அழித்துவிடும். எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் 3,000 ரெக்கார்டு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நொடிக்குச் சுமார் 35 அப்டேட்டும் டெலீட்டும் அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன டேபிள்தானே என்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

முதல் நோய் ஒரு வியாழக்கிழமை தெரியவந்தது. ஒரு நொடிக்குள் திறக்கும் அப்ளிகேஷன் பக்கம் பதினான்கு நொடி எடுக்கிறது என்று போன். அப்ளிகேஷன் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. அந்தப் பக்கத்தின் குவெரியை (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) எடுத்து, அதை எப்படி ஓட்டும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டேன். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைத்தான் பயன்படுத்துகிறது, மதிப்பீட்டுச் செலவும் குறைவாகத்தான் காட்டுகிறது. அப்படியானால் குவெரியில் கோளாறு இல்லை, சர்வரில்தான் என்று முடிவுகட்டினேன். இங்கேதான் முதல் சறுக்கல். வெறும் எக்ஸ்பிளெயின், போஸ்ட்கிரெஸ் என்ன நினைக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கூடவே அனலைஸ், பஃபர்ஸ் இரண்டையும் போட வேண்டும். அனலைஸ் போட்டால் குவெரி நிஜமாகவே ஓடும், அதனால் அப்டேட்டுக்கோ டெலீட்டுக்கோ போடும்போது ஜாக்கிரதை. அன்று அந்த இரண்டு சொல்லையும் சேர்த்திருந்தால் அந்தச் சின்ன டேபிளிலிருந்து 20 ரெக்கார்டு எடுப்பதற்காக டேட்டாபேஸ் ஃபைலின் 4 லட்சம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்ணில் பட்டிருக்கும். ஒரு பக்கம் 8 கேபி. கணக்குப் போட்டால் 3 ஜிபிக்கு மேல். இருபது ரெக்கார்டுக்கு!

நான் அதைச் செய்யாமல் மூன்று இரவு உட்கார்ந்து டியூனிங் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். எங்கள் சர்வரில் ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் பொது மெமரி), இன்ஸ்டால் செய்தபோது இருந்த 128 எம்பியிலேயே கிடந்தது. மெமரியில் கால் பங்கு கொடுப்பதுதான் வழக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். 4 ஜிபி ஆக்கினேன். இந்த அமைப்பை மாற்றினால் டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். இரவு ஒரு மணிக்குச் செய்தேன். காலையில் எல்லாம் பறந்தது.

"சரியாயிடுச்சா?" என்று மேனேஜர் கேட்டார். "ஆயிடுச்சு சார்." "என்ன பண்ணீங்க?" ஷேர்டு பஃபர்ஸ் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. 128 எம்பி குறைவுதான், கூட்டியதும் சரிதான். ஆனால் அந்தப் பக்கம் மெதுவானதற்கு அது காரணமே இல்லை.

ஐந்து வாரம் கழித்து மறுபடியும் அதே பதினான்கு நொடி. இந்த முறை டாப் கமாண்டில் பார்த்தபோது ஆட்டோவேக்யூம் என்ற, தேவையற்ற பழைய ரெக்கார்டுகளைத் துடைக்கும் ப்ராசஸ் டிஸ்க்கைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது. ஆஹா, திருடன் அகப்பட்டான் என்று கன்ஃபிக் ஃபைலில் ஆட்டோவேக்யூமையே அணைத்துவிட்டேன். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். வீட்டில் குப்பை நாறுகிறது, குப்பைக்காரர் வரும்போதெல்லாம்தான் நாறுகிறது, அதனால் அவரை வர வேண்டாம் என்று சொல்வது போல அது. ஆட்டோவேக்யூம் அதிகமாக ஓடுகிறது என்றால் ஏதோ அதை ஓடவைக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் அப்படியே விட்டேன். நிலைமை இன்னும் மோசமானது.

அப்புறம் மெமரி போதவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். 64 ஜிபி மெஷினுக்கு மாறலாம் என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். வருட ஒப்பந்தம் போட்டால் மாத வாடகையில் கொஞ்சம் குறையும் என்று சொன்னதும் நான்தான். குறைத்த பிறகும் பழையதைப் போல இரண்டு மடங்கு. ஒரு ஞாயிறு இரவு முழுவதையும் டம்ப் எடுத்து (டேட்டா முழுவதையும் ஃபைலாக எழுதி), புது மெஷினில் ரீஸ்டோர் செய்தேன். புது மெஷின், புது கன்ஃபிக். நல்லவேளையாக ஆட்டோவேக்யூம் அங்கே அணைக்கப்படாமல் இருந்தது, அதுவும் என் புத்திசாலித்தனத்தால் இல்லை, மறதியால். பழைய சர்வரில் டேட்டாபேஸின் அளவு 66 ஜிபி. புது சர்வரில் ஏற்றி முடித்ததும் 49 ஜிபி. பதினேழு ஜிபி எங்கே போயிற்று? அந்தக் கேள்வி என் மனதில் எழுந்தது, உண்மையாகவே எழுந்தது. அதிகாலை நான்கு மணிக்குக் கேள்விகளுக்கு மரியாதை கிடைப்பதில்லை. எல்லா டேபிளிலும் ரெக்கார்டுகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது, படுக்கப் போய்விட்டேன். காலையில் சர்வர் மின்னல் வேகம். பாராட்டு மெயில்கூட வந்தது.

மூன்றாவது முறை ஆறு வாரம் கழித்து. 64 ஜிபி மெஷினிலும் அதே பக்கம், அதே மந்தம். இப்போது என் கையில் மிச்சம் இருந்த அம்பு வொர்க் மெம் மட்டும்தான். குவெரிகள் சார்ட் செய்யவும் ஹாஷ் போடவும் எடுத்துக்கொள்ளும் மெமரி அது, வழக்கமாக 4 எம்பி. தாராளமாக 256 எம்பி கொடுத்தேன். இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை, ரீலோட் போதும் என்பதால் மதியம் இரண்டு மணிக்கே செய்தேன். அந்த மெமரி சர்வர் முழுவதற்கும் பொது என்று நினைத்தது என் தவறு. அது ஒரு குவெரிக்குக்கூட இல்லை, குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. எங்களிடம் கனெக்‌ஷன் 200. எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு சார்ட் போட்டாலே 50 ஜிபி, அதற்கு மேல் ஷேர்டு பஃபர்ஸ் 16 ஜிபி. மாதக் கடைசி ரிப்போர்ட்டுகள் ஓட ஆரம்பித்ததும் மெமரி தீர்ந்து, லினக்ஸ் தன் பங்குக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸைக் கொன்றது. ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால், பொது மெமரி கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா கனெக்‌ஷன்களையும் துண்டித்துவிட்டு ரிகவரியில் இறங்கும். வேலை நேரத்தில் மூன்று நிமிடம் மொத்தமும் நின்றது. கை நடுங்க வொர்க் மெம்மை மறுபடி 4 எம்பி ஆக்கினேன்.

சர்வர் எழுந்து வந்தது. பக்கத்தைத் திறந்தேன். அரை நொடி.

அப்போதுதான் தலையில் அடித்தது போல இருந்தது. நான் எதையும் மாற்றவில்லை! மாற்றியதையும் பழையபடி வைத்துவிட்டேன். அப்படியிருந்தும் குணமாகிவிட்டது. அன்று இரவு ஒரு பேப்பரில் மூன்று முறை நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஷேர்டு பஃபர்ஸ், புது மெஷின், க்ராஷ். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. டேட்டாபேஸ் ஒருமுறை நின்று எழுந்திருக்கிறது. ரீஸ்டார்ட்டால் என்ன போகும்? மெமரியில் சேர்த்துவைத்த கேஷ் போகும், ஆனால் கேஷ் போனால் மெதுவாகத்தான் ஆக வேண்டும். வேறென்ன போகும்? கனெக்‌ஷன்கள். அதுவரை உள்ளே உட்கார்ந்திருந்த எல்லோரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். ஆக, யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறார்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீஸ்டார்ட் ஒரு மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, மக்கள் வரிசையில் நிற்கும்போது அது தேவைப்படலாம். ஆனால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் முப்பது விநாடி ஒதுக்கி, அந்த நேரத்தில் யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்று ஒரு வியூ இருக்கிறது, அதை அப்படியே முழுசாக எடுத்து வைத்தால் போதும். ரீஸ்டார்ட் செய்த பிறகு அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது. நான் மூன்று முறை தடயத்தைத் துடைத்துவிட்டுத் துப்பறிய உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்று, ஒரே சமயத்தில் ஒரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் செய்தேன் என்று நம்பினேன். ஆனால் ரீஸ்டார்ட்டும் ஒரு மாற்றம். அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான்காவது முறைக்காகக் காத்திருந்தேன். வேண்டுமென்றே நோய் வரட்டும் என்று காத்திருப்பது விநோதமான அனுபவம். அதற்குள் வலை விரித்தேன். எல்லா குவெரிகளின் கணக்கையும் வைத்திருக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். இதை ஏற்ற ஒரு ரீஸ்டார்ட் தேவை, அதனால் புது சர்வர் அமைக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள், தீப்பிடித்த பிறகு போட முடியாது. அரை நொடிக்கு மேல் எடுக்கும் குவெரி எல்லாம் லாக் ஃபைலில் விழும்படி வைத்தேன். ஆட்டோவேக்யூம் ஒவ்வொரு முறையும் என்ன செய்தது என்று எழுதவும் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்டிவிட்டி வியூவை ஃபைலில் எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றையும் ஓடவிட்டேன்.

பத்தொன்பதாவது நாள் பக்கம் ஒன்பது நொடி எடுத்தது. இந்த முறை கன்ஃபிக் ஃபைலைத் திறக்கவில்லை. ஆக்டிவிட்டி வியூவை, டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி, பழையது மேலே வரும்படி போட்டேன். (டிரான்சாக்‌ஷன் என்றால், கமிட் சொல்லி முடிக்கும்வரை ஒரே வேலையாக எண்ணப்படும் கட்டளைகளின் தொகுப்பு.) முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. நிலை என்ற இடத்தில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. அதாவது தொடங்கியதை முடிக்காமல் சும்மா இருக்கிறது. தொடங்கிய தேதி, ஆறு நாளைக்கு முன்னால், இரவு 1:00. எதற்காகக் காத்திருக்கிறது என்ற இடத்தில் 'க்ளையன்ட் ரீட்'. அதாவது சர்வர் எதுவும் செய்யவில்லை, எதிர்முனை அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று ஆறு நாளாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. குவெரி என்ற இடத்தில் ஒரு சாதாரண இன்சர்ட். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ஐடிலாக இருக்கும் கனெக்‌ஷனில் அந்த இடத்தில் தெரிவது கடைசியாக ஓடி முடிந்த குவெரி, இப்போது ஓடுகிற குவெரி இல்லை. நானும் முதலில் 'ஒரு இன்சர்ட் ஆறு நாளாகவா ஓடும்' என்று திகைத்தேன்.

ஐபி முகவரியைப் பார்த்தால் ரிப்போர்ட் எடுக்கும் மெஷின். அங்கே போய் ப்ராசஸைத் தேடினால் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். எழுதியது யார் என்று, ப்ரோக்ராம் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பார்த்தேன். என் பெயர்.

தினமும் இரவு ஒரு மணிக்கு வெளி நிறுவனம் ஒன்றின் சர்வரிலிருந்து விலைப் பட்டியலை எடுத்து வந்து போடும் ஸ்கிரிப்ட் அது. டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும், 'ஆரம்பித்துவிட்டேன்' என்று ஒரு ரெக்கார்டை இன்சர்ட் செய்யும், அப்புறம் வெளி சர்வரைக் கூப்பிடும், வந்ததை எழுதும், கமிட் செய்யும். கூப்பிடும் இடத்தில் நான் டைம்அவுட் கொடுக்கவில்லை. பைத்தானில் நான் பயன்படுத்திய ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, நாமாகச் சொன்னால் ஒழிய, பதிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். எப்போதாவது ஒருநாள் அந்த வெளி சர்வர் கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு, பதிலே சொல்லாமல் இருந்துவிடும். அன்று என் ஸ்கிரிப்ட், டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்தபடியே உறைந்துபோகும். மறுநாள் இரவு, நேரப்படி ஸ்கிரிப்டுகளை ஓடவிடும் க்ரான் இன்னொரு பிரதியை ஓடவிடும், அது ஒழுங்காக முடியும், விலைப் பட்டியலும் வந்துவிடும். ஒருநாள் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது.

அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கனெக்‌ஷன், அது தொடவே தொடாத வேறொரு டேபிளை எப்படிக் கெடுக்கும்? எனக்குப் புரிய நேரம் எடுத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் ஒரு ரெக்கார்டை அப்டேட் செய்தால் பழையது அழிவதில்லை. புதிய பிரதி ஒன்று எழுதப்படும், பழைய பிரதி அப்படியே கிடக்கும். டெலீட் செய்தாலும் அடையாளம்தான் வைக்கும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பழையது தேவைப்படலாம் அல்லவா? யாருக்கும் தேவையில்லை என்று ஆன பிறகு வேக்யூம் வந்து துடைக்கும். 'யாருக்கும் தேவையில்லை' என்பதை அது எப்படி முடிவு செய்கிறது? இன்னும் முடியாமல் இருக்கும் டிரான்சாக்‌ஷன்களில் மிகப் பழையது எது என்று பார்க்கும். அதற்குப் பிறகு செத்த எதையும் தொடாது. அந்தப் பழைய டிரான்சாக்‌ஷன் எந்த டேபிளைத் தொட்டது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. என் ஸ்கிரிப்ட் அந்த ஒரு இன்சர்ட்டைச் செய்ததால் அதற்கு ஒரு டிரான்சாக்‌ஷன் எண் கிடைத்திருந்தது. அந்த எண் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது. ஆறு நாளில் செத்த எந்த ரெக்கார்டும் வெளியே போக முடியவில்லை. நொடிக்கு 35 என்றால் நாளைக்கு 30 லட்சம்.

வேலைகள் வந்து விழும் அந்த டேபிள் மேல், செய்வதை விவரமாகச் சொல்லும் வேக்யூம் வெர்போஸ் போட்டுப் பார்த்தேன். உயிரோடு இருப்பவை 3,112. செத்தும் அகற்ற முடியாதவை 1 கோடியே 81 லட்சம். அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் போல இருந்தது. ஆட்டோவேக்யூமின் லாக்கிலும் அதே கதை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, டேபிள் முழுவதையும் அலசுகிறது, ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் திரும்புகிறது. பாவம், இதைத்தான் நான் திருடன் என்று பிடித்துக் கட்டிப்போட்டிருந்தேன். அந்தப் பதினேழு ஜிபி எங்கே போயிற்று என்பதற்கும் பதில் கிடைத்தது. டம்ப்பில் உயிரோடு இருப்பவை மட்டும்தான் வரும்.

சரி, அந்த கனெக்‌ஷனை வெளியேற்ற வேண்டும். பிஜி கேன்சல் பேக்எண்ட் என்ற ஃபங்ஷனை ஓடவிட்டேன். வெற்றி என்று பதில் வந்தது, ஆனால் கனெக்‌ஷன் அங்கேயே இருந்தது. கேன்சல் என்பது ஓடிக்கொண்டிருக்கும் குவெரியை நிறுத்துவது, இங்கே ஓடுவதற்கு ஒன்றும் இல்லையே. பிஜி டெர்மினேட் பேக்எண்ட் போட்டதும் போயிற்று. ஒரு நிமிடத்தில் ஆட்டோவேக்யூம் வந்து வேலையை முடித்தது, பக்கம் அரை நொடிக்குத் திரும்பியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வேக்யூம் துடைத்தாலும் டேபிளின் ஃபைல் சுருங்கவில்லை, காலி இடம் அடுத்த ரெக்கார்டுகளுக்கு என்று உள்ளேயே இருந்தது. 3,000 ரெக்கார்டுக்கு 5 ஜிபி என்பதைப் பார்க்கப் பொறுக்காமல், வெற்றிக் களிப்பில், பட்டப்பகலில் வேக்யூம் ஃபுல் போட்டேன். அது டேபிளையே புதிதாக எழுதும், அதற்கு முழுப் பூட்டு தேவை, வாசிக்கக்கூட யாரையும் விடாது. அது எனக்குத் தெரியும், இத்தனை சின்ன டேபிளுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்ற தைரியம்தான். எனக்குத் தெரியாதது, பூட்டுக்காகக் காத்திருப்பதும் ஒரு வரிசை என்பது. அந்த டேபிளை வாசித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட் ஒன்று முடியவில்லை. என் வேக்யூம் ஃபுல் அதன் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சாதாரண செலக்டும் இன்சர்ட்டும் என் பின்னால் நிற்க ஆரம்பித்தன. நான் இன்னும் எந்த வேலையும் தொடங்கவில்லை, வெறுமனே நின்றுகொண்டிருக்கிறேன், அதற்கே மொத்த அப்ளிகேஷனும் நான்கு நிமிடம் நின்றுவிட்டது. கன்ட்ரோல் சி அழுத்தியதும் எல்லாம் ஓடியது. அப்புறம் இரவில், லாக் டைம்அவுட்டை 2 விநாடி என்று வைத்துவிட்டு ஓடவிட்டேன். பூட்டு இரண்டு விநாடிக்குள் கிடைக்காவிட்டால் தானாக விலகிக்கொள்ளும், பின்னால் கூட்டம் சேராது. மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. டேபிளில் புதிதாக நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிளுக்கும் இதே கதிதான், அதனால் இப்போது எந்த ஆல்டரையும் இந்த இரண்டு விநாடி இல்லாமல் போடுவதில்லை. இண்டெக்ஸ் உருவாக்குவதென்றால் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறேன், நேரம் அதிகம் எடுத்தாலும் எழுதுபவர்களைத் தடுக்காது.

ஸ்கிரிப்டைத் திருத்த கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளி சர்வரைக் கூப்பிடுவதை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தேன், 30 விநாடி டைம்அவுட் போட்டேன். எல்லாத் தரவும் கையில் வந்த பிறகே டிரான்சாக்‌ஷன் தொடங்கும். பிறகு சர்வரிலும் ஒரு காவல் வைத்தேன். ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்று ஓர் அமைப்பு பதிப்பு 9.6 முதலே இருக்கிறது. தானாக இயங்காது, நாம்தான் நேரம் கொடுக்க வேண்டும். 5 நிமிடம் என்று வைத்தேன். அதைத் தாண்டிச் சும்மா உட்கார்ந்திருந்தால் வெளியே தள்ளிவிடும். போடுவதற்கு முன்னால் உங்கள் அப்ளிகேஷனில் நியாயமாகவே அவ்வளவு நேரம் எடுக்கும் இடம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்படி இருந்தால் அந்த யூசருக்கு மட்டும் தனியாகக் கூட்டி வைக்கலாம்.

உங்கள் சர்வரில் வேக்யூம் ஓடியும் குப்பை போகவில்லை என்றால் குற்றவாளி எப்போதும் திறந்த டிரான்சாக்‌ஷன்தான் என்று இல்லை. பிரதி சர்வருக்காக (ரெப்ளிகா) மாற்றங்களைப் பிடித்துவைத்து, யாரும் வாசிக்காமல் கிடக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட், இரண்டு கட்ட கமிட்டில் பாதியில் விட்ட ப்ரிப்பேர்டு டிரான்சாக்‌ஷன், ஃபீட்பேக் அனுப்பும் ரெப்ளிகாவில் நாள் முழுக்க ஓடும் குவெரி, இவையும் அதே வாசலை அடைக்கும். கைவிடப்பட்ட ஸ்லாட் இன்னும் ஆபத்து, வால் ஃபைல்களை (க்ராஷ் ஆனால் மீட்க உதவும் மாற்றப் பதிவுகள்) அழியவிடாமல் பிடித்து டிஸ்க்கையே நிரப்பிவிடும். அப்படி டிஸ்க் நிரம்பும்போது பிஜி வால் டைரக்டரிக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். முன்பு அதன் பெயர் பிஜி எக்ஸ்லாக். லாக் என்று இருக்கிறதே, வெறும் பதிவுதானே என்று அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் இருந்ததால்தான் 2017இல் பதிப்பு 10இல் பெயரை மாற்றினார்கள். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துகிறவர்கள் சிரிக்க வேண்டாம், அதன் உள் இன்ஜினான இன்னோடிபியிலும் பழைய பிரதிகளைத் துடைக்கும் பர்ஜ் வேலை இதே போலப் பழைய டிரான்சாக்‌ஷன் ஒன்றால் நின்றுவிடும். அங்கே ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் என்ற எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பெரிய சர்வர் தேவைப்படவில்லை, முதல் முறை சொன்ன ஷேர்டு பஃபர்ஸ் கதை தப்பு, மூன்று நிமிடமும் நான்கு நிமிடமும் நின்றது என்னால், காரணமான ஸ்கிரிப்டை எழுதியதும் நானே. திட்டுவார் என்று நினைத்தேன். "ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாசம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பத்து மாதம் இருந்தது. 64 ஜிபியில் முக்கால்வாசி இன்றும் சும்மாதான் கிடக்கிறது.

இப்போதெல்லாம் காலையில் வந்ததும் மிகப் பழைய டிரான்சாக்‌ஷனின் வயதையும், செத்த ரெக்கார்டு அதிகம் உள்ள ஐந்து டேபிளையும் பார்த்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை. போன வாரம் லாக் ஃபைலில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட்டால் ஒரு கனெக்‌ஷன் துண்டிக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் யாரடா அது என்று ஐபியைத் தேடினேன். என் லேப்டாப். முந்தின நாள் மாலை ஓர் அப்டேட்டைச் சோதித்துப் பார்க்க பிகின் போட்டு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு, ரோல்பேக் செய்து முடிக்காமல் மீட்டிங்குக்கு எழுந்து போயிருக்கிறேன்.